முகமும் பெயரும்

ஆண்டுக் கணக்காகக் கற்பித்து வருபவர் ஏதாவதொரு துறையில் மீண்டும் மாணவராகி வாங்கிலே அமர்வது நல்ல மருந்து. கரும்பலகைக்கு முன்னே நின்று பழகியவருக்கு, அதற்கு எதிரே உட்காரும்போதுதான் தமது அறியாமையின் அளவு புலனாகும். அண்மையில் அத்தகைய மருந்தொன்றை நாமும் உட்கொண்டோம். அதிலே கசப்பும் இருந்தது, குணமும் இருந்தது. இரண்டையும் வாசகர்களோடு, சிறப்பாக மாணவ நேயர்களோடு, பகிர்ந்து கொள்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

ஹற்றன் நகரில், போயா விடுமுறையோடு சேர்ந்து வந்த மூன்று நாட்களில், உருவப்படம் எடுக்கும் கலை பற்றிய பயிற்சிப் பட்டறை ஒன்று நடைபெற்றது. மனித முகத்தை எவ்வாறு படமாக்குவது என்பதொன்றே அங்கு பாடம். பங்குபற்றியோர் பன்னிருவர். கலியாண வீடுகளிலே படமெடுத்துப் பிழைக்கும் இளைஞர்கள், வங்கியிற் பணிபுரியும் பெண்மணி ஒருவர், பல்கலைக்கழக மாணவர் சிலர், ஆசிரியர் இருவர் எனக் கலவையான கூட்டம். வயதில் மூத்தவர் நாமே. கற்பிக்க வந்தவர் கொழும்பிலே பல்லாண்டுகள் இத்தொழிலைச் செய்து தேர்ந்த கலைஞர். முதல் நாள் மண்டபத்திலே பாடம். இரண்டாம் நாள் றொசல்லையிலே செய்முறை. மூன்றாம் நாள் திருத்தம் என்பது ஏற்பாடு. நாம் ஒரு கமராவையும், அதுபற்றிய சிறிது பெருமையையும் சுமந்து சென்றோம். கமரா பத்திரமாகத் திரும்பி வந்தது. பெருமை றொசல்லையிலேயே தங்கிவிட்டது.

முதற் பாடம் தூரத்தைப் பற்றியது. கைத்தொலைபேசியை முகத்துக்கு ஓரடி தூரத்திலே பிடித்துப் படமெடுத்தால், மூக்குப் பெருத்தும் காது சிறுத்தும் தோன்றுவதை எல்லோரும் கண்டிருப்பர். கருவியின்மேற் பழி போடுவதே வழக்கம். குற்றமோ நாம் நிற்கும் இடத்தினது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 5 அங்குலம் எனக் கொள்வோம். கமரா மூக்கிலிருந்து 12 அங்குலத்தில் இருந்தால், காது 17 அங்குலத்தில் இருக்கும். ஆகவே மூக்கு தன் அளவுக்கு மேலே, காதோடு ஒப்பிடுகையில், நூற்றுக்கு நாற்பது பங்கு பெரிதாகப் பதியும். ஆறடி தூரத்திலே நின்றால் மூக்கு 72 அங்குலம், காது 77 அங்குலம். வேறுபாடு நூற்றுக்கு ஏழு பங்கே. உருவப்படத்துக்கு 85 முதல் 105 மில்லிமீற்றர் வரை குவியத் தூரமுள்ள வில்லை ஏற்றதென்று வல்லுநர் கூறுவதன் காரணமும் இதுவே. அந்த வில்லையைப் பூட்டினால், முகம் சட்டத்துள் அடங்குவதற்காக நாம் பின்னே நகர்ந்து மரியாதையான தூரத்திலே நிற்க வேண்டியவராகின்றோம்.

இரண்டாம் பாடம் ஒளி. படத்துக்கு இருப்பவரை வடக்குச் சன்னலருகே இருத்துக என்று ஐரோப்பிய நூல்கள் விதிப்பதுண்டு. அந்நாடுகளில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், வடக்குச் சன்னலில் நேர்வெயில் விழாது; மென்மையான ஒளியே வரும். நமது மலைநாடோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகை அளவிலேயே உள்ளது. ஏப்ரில் முற்பகுதி தொடக்கம் செப்ரெம்பர் முற்பகுதி வரை, நண்பகற் சூரியன் நமது தலையுச்சிக்கு வடக்கே நிற்கும். அம்மாதங்களில் ஐரோப்பிய விதி இங்கே செல்லாது. "நூலைப் படியுங்கள், படித்த பிறகு வாசலிலே நின்று வானத்தையும் பாருங்கள்" என்றார் ஆசிரியர். எளிய வீட்டிலும் கிடைக்கக்கூடிய நல்ல ஒளி எது தெரியுமா? திறந்த வாசலுக்கு ஓரடி உள்ளே, வெளியே பார்த்தபடி ஒருவரை அமரச் செய்தால், அவர் முகத்திலே விழும் ஒளியே அது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

மூன்றாம் பாடம் மூடுபனியையும் நமது நிறத்தையும் பற்றியது. கமராவிலுள்ள ஒளிமானி, தான் காணும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையதென எண்ணிக் கணக்கிடும் இயல்பினது. வெண்பனியின் முன்னே கறுத்த முகமொன்று நின்றால், அது பனியைச் சாம்பலாக்க முயன்று முகத்தை இருளாக்கிவிடும். இக்காலக் கமராக்கள் முகத்தை இனங்கண்டு ஓரளவு திருத்திக்கொள்ளினும், மலைநாட்டுப் பனி அவற்றையும் ஏமாற்ற வல்லது. ஆதலால் வானத்துக்கு அளவெடாமல் முகத்துக்கு அளவெடுத்தல் வேண்டும். இதனோடு அவர் ஒரு பழைய செய்தியையும் கூறினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, வர்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பதற்காகக் கொடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அட்டையை வழங்கி வந்தது. வெள்ளைத் தோலுடைய பெண்ணொருத்தியின் படம் அதிலே இருந்தது. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்துவிட்டால் நிறம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்களின் நுட்பமான நிறவேறுபாடுகள் அக்காலப் படங்களிலே மங்கிப் போனமைக்கு இத்தகைய அளவுகோல்களும் ஒரு காரணம். பல நிறத்தவரும் சேர்ந்து காணப்படும் அட்டை 1990களிலேதான் வந்தது. நமது முகத்தை நமக்குச் சரியாகக் காட்டாத கண்ணாடியை எத்தனை ஆண்டுகள் குறை கூறாமற் பார்த்துக் கொண்டிருந்தோம்!

நான்காம் பாடம் கண். உருவப்படத்திலே மூக்கு நுனி தெளிவாயிருந்து கண் மங்கினால் படம் கெட்டது. கண் தெளிவாயிருந்தால் மற்றவை சற்று மங்கினும் படம் வாழும். சிற்பி, விக்கிரகத்தின் எல்லா அங்கங்களையும் செதுக்கி முடித்த பின்னரே கண்ணைத் திறக்கின்றான். அவன் இறுதியாக வைத்துக்கொண்டதைப் படப்பிடிப்பாளன் முதலிலே பார்த்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் குறிப்பேட்டிலே எழுதிக்கொண்டு, இனி நமக்கு ஐயமில்லை என்ற எண்ணத்தோடு இருந்த முதல் நாள் மாலையில், ஆசிரியர் விளக்குகளை அணைத்துத் திரையிலே சில பழைய படங்களைக் காட்டினார். தாடி நிறைந்த டார்வின், கவிஞர் தெனிசன், வெண்முடி ஒளிவட்டம்போலச் சிதறி நிற்க, இருளிலிருந்து நம்மை நோக்கும் வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். அப்படங்களை எடுத்தவர் எங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார் என்று வினவினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஹற்றனில் பஸ் ஏறி, டிக்கோயா, நோர்வூட் கடந்து சென்று பொகவந்தலாவையில் இறங்குங்கள். அங்கே சென் மேரி ஆலயத்தின் முற்றத்திலே அவர் உறங்குகின்றார்" என்றார். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையாரைப் பற்றி, இம்மலைகளிலே வாழும் நாம் அன்றே முதன்முதலாக அறிந்தோம்.

அம்மையார் 1815இல் கல்கத்தாவிலே பிறந்தவர். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் ஓர் அங்கத்தவர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களை வரலாற்றுப் பாடத்திலே படிக்கும் மாணவர் யாவரும் அறிந்த பெயர். இத்தீவிலே தோட்டங்களை வாங்கிய அவருக்கு இந்நாட்டின்மேல் இருந்த பற்று அளவற்றது. இங்கிலாந்தின் வைற் தீவிலே அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கும், திம்புளைத் தோட்டத்தின் நினைவாக 'டிம்போலா' என்றே பெயரிட்டனர்.

அம்மையாருக்கு முதலாவது கமரா கிடைத்தது 1863ஆம் ஆண்டின் இறுதியில். அப்போது அவருக்கு வயது 48. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. நிலக்கரி வைத்த அறையை இருட்டறையாக்கினார். கோழிக் கூட்டைக் காலி செய்து படமெடுக்கும் கூடமாக்கினார். இனிப் படிக்க வயதில்லை என்று சொல்லும் பெற்றோர் இதனைக் கவனிப்பாராக. அக்காலத்து முறையோ எளிதன்று. கண்ணாடித் தட்டிலே கொலோடியன் என்ற திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். இருப்பவர் சில நிமிட நேரம் அசையாமல் இருத்தல் வேண்டும். அசைந்தவர் பலர். படங்கள் மங்கலாயுள்ளன என்று அக்கால விமரிசகர்கள் எள்ளி நகையாடினர். அம்மையார் அசைந்து கொடுக்கவில்லை. வில்லையைத் திருப்பிக்கொண்டே வருகையில், உருவம் தமது கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் இடத்திலே நிறுத்திவிடுவது அவருடைய வழக்கம்.

1864 ஜனவரியிலே அவர் எடுத்த ஒரு சிறுமியின் படம் முதன்முதலாக நன்றாய் வந்தது. அப்போது அவர் செய்ததை நமது ஆசிரியர் இருமுறை அழுத்திக் கூறினார். படத்தை உண்டாக்கியது தாம் அல்லர், அச்சிறுமியே என்று அம்மையாருக்குத் தோன்றியதாம். வீடெங்கும் ஓடி, அவளுக்குக் கொடுக்கப் பரிசுப் பொருள்களைத் தேடினாராம். அன்றைக்கே அச்சிட்டுச் சட்டமிட்டு அவளுடைய தந்தைக்கு அனுப்பியும் வைத்தார். அச்சிறுமியின் பெயர் அனி. இன்றும் உலகம் அப்பெயரை அறியும்.

1875இல் கமரன் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்துவிட்டனர். கோப்பிச் செடியை அழித்த நோய் 1869 முதல் பரவத் தொடங்கி, தோட்டங்களின் பெறுமதி வீழ்ந்து கொண்டிருந்த காலம் அது. இங்கும் அம்மையார் கமராவைக் கைவிடவில்லை. தாவரங்களை ஓவியமாகத் தீட்டிய மரியான் நோர்த் என்ற பெண்மணி, களுத்துறையிலே அவருடைய வீட்டுக்கு வந்தபோது பட்ட பாட்டைத் தமது நினைவு நூலிலே வேடிக்கையாக எழுதியுள்ளார். கம்பளித் துணி போர்த்தி, கூந்தலை அவிழ்த்து விட்டு, தென்னோலை தலையிலே குத்த, நண்பகல் வெயிலிலே நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம் அம்மையார்!

இந்நாட்டு மக்களையும் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. 1878இல் களுத்துறையில் எடுத்த படமொன்றைத் திரையிலே கண்டோம். கிராமத்தவர் சிலர் நிற்கின்றனர். சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் தமக்கு வயது நூறு என்றும் கூறுவதாகவும் குறிப்பு உள்ளது. பெயர் இல்லை. டார்வினுக்குப் பெயர் உண்டு. தெனிசனுக்குப் பெயர் உண்டு. அனி என்ற சிறுமிக்கும் பெயர் உண்டு. களுத்துறையார் வெறும் குடியானவர். அடுத்த ஆண்டு, 1879 ஜனவரி 26ஆம் நாள், அம்மையார் டிக்கோயாப் பகுதியிலுள்ள தோட்டத்திலே காலமானார். மறு ஆண்டிலே கணவரும் அவர் அருகே அடக்கமானார்.

அன்றிரவு, பெயரை விட்டுவிட்ட அந்தத் துரைசானியை நாம் வன்மையாகக் கண்டித்துப் பேசினோம். பிறர் குற்றத்தை அளப்பதற்கு நம்மிடமுள்ள படி எப்போதும் பெரியது அன்றோ!

மறுநாள் விடியற்காலையிலே றொசல்லைக்குச் சென்றோம். வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையிலே அமைந்த சிறிய புகையிரத நிலையம் அது. கமரன் அம்மையார் மறைந்து ஐந்தாண்டுகளின் பின், 1884இல், ஹற்றன் வரை பாதை நீண்டது. மூடுபனி தேயிலை மலையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. நாம் ஆளுக்கொரு திசையிலே பிரிந்தோம். வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையிலே, விறகுக் கட்டைத் தலையிலே சுமந்து, தோளிலே சாக்கைப் போர்த்தியபடி முதிய மாது ஒருவர் வந்தார். பின்னே வெண்பனி. சுருக்கம் விழுந்த முகம். தூரம், ஒளி, அளவு, கண் ஆகிய நான்கு பாடங்களும் நினைவுக்கு வந்தன. விரைந்து ஏழெட்டுப் படங்களை எடுத்தோம். அவர் நின்று ஏதோ சொன்னார். கமராவிலே கண்ணை வைத்திருந்த எமக்கு அது காதிலே விழவில்லை. கையசைத்துவிட்டு அடுத்த முகத்தைத் தேடி நடந்தோம்.

மாலையிலே எல்லோருடைய படங்களும் திரையிலே வந்தன. எமது படத்தைக் கண்டதும் பலர் கைதட்டினர். ஆசிரியரும் அளவு சரி, கண் தெளிவு என்று ஒப்புக்கொண்டார். பிறகு மெதுவாக, "இவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார்.

நாம் மௌனமானோம். அடுத்தவரைக் கேட்டார், அவரும் மௌனம். பன்னிரண்டு பேர் நாற்பது முகங்களைக் கொண்டு வந்திருந்தோம். பெயரைக் கொண்டு வந்தவர் வங்கிப் பெண்மணி ஒருவர் மட்டுமே. ஆசிரியர் கடிந்து பேசவில்லை. "நாளைக் காலை வகுப்பு இல்லை. அவரவர் தமது படத்திலுள்ளவரைத் தேடிச் சென்று, பெயரையும் விருப்பத்தையும் கேட்டு வாருங்கள்" என்று மட்டும் கூறினார். முதல் நாளிரவு கமரன் அம்மையாரைப் பற்றி நாம் பேசிய பேச்சு, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்து எம்மையே சுட்டது. அம்மையாராவது வயதையேனும் கேட்டுக் குறித்தாரே!

மூன்றாம் நாள் காலை, கமராவிலுள்ள படத்தைக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினோம். அவர் பார்த்ததும் ஒரு லயத்தைச் சுட்டிக் காட்டினார். வாசலிலே அம்மாது அரிசி புடைத்துக் கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"நேத்தே சொன்னேனே சேர், இந்தக் கோலத்துல வேணாம், வூட்டுக்கு வாங்க, நல்ல சீலை கட்டிக்கிறேன்னு. ஒங்களுக்குக் கேக்கல போல."

அப்போதுதான் அவர் நேற்றுச் சொன்னது இன்னதென அறிந்தோம். மன்னிக்கும்படி வேண்டி, "பாட்டி, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

"பேரா? நாப்பது வருசத்துக்கு மேல செக்ரோல்ல எம் பேரு இருந்திச்சு. படம் புடிக்க வந்தவுங்க யாரும் பேரு கேட்டதில்ல சேர்."

தோட்டத்து மொழியை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்றே பெயர். குறித்த அளவு கொழுந்து பறித்தால் பேர்; குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பெயரே நாட்கூலியின் அளவாகி, அதுவும் பாதியாக வெட்டப்படும் உலகிலே, முழுப் பெயரையும் கேட்டு எழுதுவது சிறிய காரியமன்று.

அந்நேரம் உள்ளேயிருந்து ஓர் இளைஞன் வந்து, எம்மைக் கண்டு திடுக்கிட்டு, "சேர்!" என்று நிமிர்ந்து நின்றான். எமது கல்லூரியிலே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன். அம்மாது அவனுடைய அப்பாயி. இரண்டு ஆண்டுகளாக இடாப்பிலே அவன் பெயரை நாள்தோறும் கூப்பிட்டு வந்த நாம், அவன் எந்த வாசலிலிருந்து புறப்பட்டு வருகின்றான் என்பதை ஒருநாளும் கேட்டதில்லை. படமெடுக்கும் பாடத்திலே தவறியது ஒருபுறமிருக்க, எமது தொழிலிலேயே தவறியிருக்கின்றோம் என்பதை அவ்விடத்தில் உணர்ந்தோம்.

அம்மாது உள்ளே சென்று, மாம்பழ நிறச் சேலை உடுத்து, நெற்றியிலே திருநீறு துலங்க வந்தார். வாசலுக்கு ஓரடி உள்ளே நாற்காலியிட்டு அமரச் செய்தோம். முதலில் எடுத்த பத்துப் படங்களும் வீணாயின. இரு கைகளையும் முழங்காலிலே வைத்து, இரு காதும் தெரிய, மூச்சையடக்கி, அரசாங்க அலுவலகத்தின் முன்னே நிற்பவர்போல நேரே வெறித்து நோக்கினார். வாழ்நாளில் அவர் எடுத்துக்கொண்ட படங்களெல்லாம் பத்திரங்களுக்காக எடுத்தவை. சிரிக்கும்படி சொல்லாதீர்கள், எதையாவது கேளுங்கள் என்பது ஆசிரியர் கூறிய அறிவுரை. ஆகவே சுவரிலே தொங்கிய படத்தைக் காட்டி அவர் யாரென்று கேட்டோம்.

"எங்க வூட்டுக்காரரு. அடையாள அட்டையில இருந்த படத்தப் பெருசாக்கினது. அவரு சீவியத்துல கோட்டுப் போட்டதில்ல சேர். ஸ்டூடியோக்காரருதான் போட்டு விட்டாரு" என்று கூறி வாய்விட்டு நகைத்தார். அந்நகைப்பு அடங்கி, கண் சுவரிலே நிலைத்து, முகம் தன்னிலைக்குத் திரும்பிய கணத்தில் எடுத்த படமே நல்ல படம்.

கணவரின் படத்துக்கு அருகே, பழுப்பேறிய குடும்பப் படமொன்றும் இருந்தது. அம்மாதின் தமையனார் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறும் முன்னர், எல்லோருமாக ஹற்றனுக்குச் சென்று எடுத்துக்கொண்டது என்றார். அந்தப் பிரிவின் வரலாற்றை நமது மாணவர் அறிதல் வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இவ்வளவு காலமும் மனுவுக்கு ஒரு படம், கடவுச்சீட்டுக்கு ஒரு படம், அடையாள அட்டைக்கு ஒரு படம் என முகங்கள் பதிந்தன. தமக்காக எடுத்துக்கொண்ட படம், பிரியும் நாளிலே எடுத்த இது போன்ற ஒன்றுதான்.

படத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்த்தோம். ஓர் எழுத்தும் இல்லை. பதினொரு முகங்களுள் எத்தனை பேரைத் தெரியும் என்று மாணவனைக் கேட்டோம். அப்பாயியைத் தவிர ஒருவரையும் அவன் அறியான். அம்மாது விரலை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பதினொன்றையும் சொன்னார். கைக்குழந்தையின் பெயரிலே மட்டும் சற்றுத் தடுமாறி, பின்னர் கண்டுகொண்டார். மாணவன் ஒரு தாளிலே எழுதி அட்டையின் பின்னே ஒட்டினான். அந்த ஒருவர் நினைவிலே மட்டும் தங்கியிருந்த பதினொரு பெயர்களும் அன்று தாளுக்கு வந்தன. ஓராண்டு கழித்து நாம் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் அஞ்சினோம்.

இரண்டு வாரங்களின் பின், அம்மாதின் படத்தை அச்சிட்டு, அட்டையின் பின்புறத்திலே பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். விறகுக் கட்டோடு எடுத்த படத்தையும் காட்டி, இதை என்ன செய்யலாம் என்று கேட்டோம். அழித்துவிடச் சொன்னார், அழித்துவிட்டோம். கைதட்டல் பெற்ற படம் அது. மனம் சற்று வருந்தியதென்பதை மறைக்க மாட்டோம். சேலை உடுத்திய படத்தை நெடுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. பேப்பர்ல கீப்பர்ல போட்டுறாதீங்க சேர். இது எங்க வூட்டுக்கு" என்றார். ஆகையினாலேயே அவருடைய முகத்தையும் பெயரையும் வாசகர்கள் இப்பக்கத்திலே காண மாட்டார்கள். அவை இருக்க வேண்டிய சுவரிலே இருக்கின்றன.

வாசகர்களுக்கு, சிறப்பாக விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். இன்று ஏறக்குறைய எல்லோர் கையிலும் கமராவுள்ள தொலைபேசி இருக்கின்றது. பாட்டனாரையோ பாட்டியாரையோ வாசலருகே அமரச் செய்யுங்கள். எந்த உடையிலே இருக்க விரும்புகின்றார் என்று முதலிற் கேளுங்கள். இரண்டு யார் தூரத்திலே நின்று, கண்ணைப் பார்த்துப் படமெடுங்கள். அவசரப்படாதீர்கள். எடுத்ததைத் தொலைபேசியிலே புதைத்துவிடாமல், ஒரு பிரதியைத் தாளிலே அச்சிட்டு அவர் கையிலே கொடுங்கள். பெயரையும் ஊரையும் தேதியையும் பின்னே எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களையும் அவர் முன்னே வைத்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பிற்பகல் போதும். ஆனால் அந்தப் பிற்பகலை ஒத்திப்போடக் கூடாது.

நாமும் ஒரு காரியம் தொடங்கியுள்ளோம். இத்தவணை முதல், எமது வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தமது வீட்டிலே மூத்தவர் யார், அவர் பெயர் என்ன என்பதை ஒரு பக்கத்திலே எழுதித் தருகின்றனர். முப்பத்து நான்கு பக்கங்கள் சேர்ந்துள்ளன. இடாப்பைக் கூப்பிடும்போது இப்போது சற்று நேரம் அதிகமாகின்றது. அதை நாம் நட்டமென்று கருதுவதில்லை.